பெடல் கல்லாட்டம் இருந்துச்சுங்க

சேலம் பைபாஸில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் போன மாதம் ஒரு விழா வைத்தார்கள். எங்கள் கம்பெனியின் சின்ன எஸ்.யு.வி. இனிமேல் பெட்ரோல் எஞ்சினில் வராது, அடுத்து வருவதெல்லாம் பேட்டரி வண்டிதான் என்பதால், கடைசிப் பெட்ரோல் வண்டிக்கு மாலை போட்டு டெலிவரி கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன என்னையும் கூப்பிட்டு, "இந்த வண்டி வளந்த கதையப் பத்திப் பத்து நிமிசம் பேசுங்கண்ணா" என்றார்கள். பேச வேண்டியதை அவர்களே ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தார்கள். எஞ்சின் சக்தி எவ்வளவு கூடியது, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது, பின்விளக்கு எந்த வருடம் நீளக்கோடாக மாறியது, எல்லாம் இருந்தது. பிரேக் பற்றி ஒரே ஒரு வரி: "காலப்போக்கில் மேலும் மேம்படுத்தப்பட்டது."

தாளை வாசித்துவிட்டு லட்டைத் தின்றுவிட்டு இறங்கி வந்தேன். வெளியே இரண்டு மெக்கானிக்குகள் மடக்கிக் கொண்டார்கள். "ஏனுங்கண்ணா, கொல்லிமலைக் கேசச் சொல்லுவீங்கன்னு பாத்தா, சப்புன்னு முடிச்சுட்டீங்களே?" என்றார்கள். மைக் அவர்களுடையது, மேடை அவர்களுடையது, அதனால் அவர்கள் தாளை வாசித்தேன். இது என்னுடைய தாள். எப்படி "மேம்படுத்தப்பட்டது" என்பதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பனமரத்துப்பட்டி. என் பெயர் தங்கராசு. ஐ.டி.ஐ. முடித்து நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பன்னிரண்டு வருடம், சேலத்தில் டாக்ஸி, ஜீப்புகளில் ஒன்பது வருடம் கழித்தேன். இந்தக் கம்பெனி சேலத்தில் திறந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்டர்வியூவில், "ஆங்கில மேனுவல் வாசிப்பீங்களா?" என்று கேட்டார்கள். "வாசிப்பேன், மெதுவாக" என்றேன். சென்னையில் ஆறு வாரம் பயிற்சி. என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் வயதில் பாதி. பரீட்சையில் மூன்றாவதாக வந்தேன். அவ்வளவுதான் என் படிப்புக் கதை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஏற்கெனவே ஒரு பெரிய எஸ்.யு.வி. இருந்தது. அதை நாங்கள் பெரியவன் என்போம். இது அதைவிட ஒரு முழம் நீளம் குறைவு, உயரமும் குறைவு. அதனால் இது சின்னவன். பார்த்தால் அடக்கமாக நிற்கும். மிதித்தால் ஐந்து நொடிக்குள் நூறைத் தொட்டுவிடும். இரண்டு டர்போ, ஏழு கியர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, வளைவில் உடம்பு சாயாத சஸ்பென்ஷன். லாரியில் இருபது டன்னோடு மல்லுக்கட்டிய எனக்கு அதை முதல்முறை ஓட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டியை நான் ஒருநாளும் வெறுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் என்மீது வந்த முதல் குற்றச்சாட்டே, "இவன் பிராண்டுக்கு விரோதி" என்பதுதான்.

எங்கள் வொர்க்‌ஷாப் மேனேஜர் ரகுநாதன் சார். சென்னைக்காரர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அருகில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். தினமும் காலையில் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் எல்லா பே வழியாகவும் ஒரு சுற்று வருவார். தரையில் ஒரு சொட்டு ஆயில் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அங்கேயே நிற்பார். நாங்கள் ஓடிப்போய்த் துடைத்த பிறகுதான் நகருவார். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது கேட்காமலேயே பத்து நாள் லீவு போட்டுக் கொடுத்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வம்பு வரக்கூடிய எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இருக்காது. "நீங்கதானே பார்த்தீங்க, நீங்களே போட்டுடுங்க" என்று நம் பக்கம் நகர்த்திவிடுவார். நாங்களும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம், கோமதி அம்மாவின் வண்டி வரும் வரைக்கும்.

கோமதி அம்மா நாமக்கல் பக்கத்துக்காரர். கோழிப்பண்ணை நடத்துகிறவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு பண்ணையை ஒற்றை ஆளாகப் பெருக்கியவர். அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டிரைவர் இருந்தும் வண்டியைத் தானேதான் ஓட்டுவார். எங்கள் ஷோரூமில் சின்னவனை வாங்க வந்தபோது, சேல்ஸில் இருந்தவர்கள் அவரோடு வந்த கொழுந்தனாரிடமே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா, "ஏனுங்க, ஓட்டப்போறவ இங்க நிக்கறேனுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அவரே வருவார், வண்டியில் எந்தச் சத்தம் எந்த வேகத்தில் வருகிறது என்று சரியாகச் சொல்வார்.

வாங்கி இரண்டாவது வருடம், ஒரு சித்திரை மாத மதியத்தில், கொல்லிமலையில் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போய்விட்டு அவர் தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய எல்லாவற்றையும் தாண்டி அடிவாரத்துக்கு வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்திருக்கிறார், ஹேண்ட் பிரேக் பட்டனை இழுத்திருக்கிறார், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் வண்டியை ஒடித்திருக்கிறார். அந்தப் பக்கம் பெரியசாமி என்பவர் அன்னாசிப்பழமும் பலாச்சுளையும் விற்கும் தட்டிக் கடை. வண்டி கடையை இடித்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் நின்றது. பெரியசாமிக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

பணக்கார அம்மா, வேகமான கார், மலைப்பாதை. ஊர் ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது: "பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருக்குது." போலீஸ் வழக்குப் போட்டது. வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் முறைப்படி பார்த்தார். ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாளாக ஆறிக்கிடந்த வண்டி. எஞ்சினைப் போட்டு மிதித்தார், பிரேக் அருமையாகப் பிடித்தது. "இயந்திரக் கோளாறு இல்லை" என்று எழுதினார். அவர் கண்ட வரைக்கும் அது உண்மைதான்.

வீட்டில் ஒரு யோசனை சொன்னார்களாம். டிரைவர் ஓட்டினதாகச் சொல்லிவிடலாம், அவனும் சம்மதித்துவிட்டான் என்று. அதற்குக் கோமதி அம்மா சொன்ன பதிலை அந்த டிரைவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். "நான் ஓட்டுன வண்டிய நாந்தான் ஓட்டுனேன். ஜெயிலுன்னாலும் நானே போய்க்கறேன், நீ போயிக் கோழிக்குத் தீவனம் போடு."

பதினைந்து நாள் கழித்து வண்டி எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு லாரியில் வந்தது. முன்பக்கம் இடது மூலை நொறுங்கியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோமதி அம்மாவும் வந்தார், கையில் கட்டோடு. ரகுநாதன் சார் அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, மெதுவான குரலில், வண்டியின் கம்ப்யூட்டர் பதிவைக் காட்டினார். பிரேக் சுவிட்ச் பதினோரு நொடி 'ஆன்'. ஆனால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் மிகக் குறைவு. "அதாவது மேடம், நீங்க லேசா தொட்டிருக்கீங்க. பயத்துல முழுசா மிதிக்கல. இது யாருக்கும் நடக்கும்" என்றார்.

கோமதி அம்மா அவரைப் பார்க்காமல், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தங்கராசு, நான் வேகமா ஓட்டறவதான். அதுல ஒளிக்க என்ன இருக்குது? ஆனா அன்னிக்கு மெல்லத்தான் வந்தேன். கடைசி வளைவுல மிதிக்கறேன், மிதிக்கறேன், சீட்டுல இருந்து எந்திரிச்சு மிதிக்கறேன், உள்ளயே போகலீங்க. பெடல் கல்லாட்டம் இருந்துச்சுங்க."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தவர் யாரும் பெடல் கல்லாட்டம் இருந்தது என்று சொல்ல மாட்டார்கள். அது பஞ்சு மாதிரி இறங்கும். பிரேக் எண்ணெய் கொதித்துப் போனாலும் பெடல் சொதசொதவென்று தரைவரை போகும். பெடல் கல்லாவது ஒரே சமயத்தில்தான்: காலுக்கு உதவி கிடைக்காதபோது.

அந்த உதவி என்ன என்பதைச் சொல்கிறேன். காரில் பிரேக் பெடலுக்கு முன்னால் பெரிய தகர டப்பா மாதிரி ஒன்று இருக்கும், பூஸ்டர் என்று பெயர். எஞ்சினில் இருக்கும் ஒரு பம்பு அந்த டப்பாவிலுள்ள காற்றை ஒரு ஹோஸ் வழியாக உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருக்கும். நாம் லேசாக மிதித்தால் அந்த வெற்றிடம்தான் பல மடங்காக்கித் தள்ளும். வெற்றிடம் போய்விட்டால் பயில்வான் மிதித்தாலும் இரண்டு டன் வண்டி நிற்காது. எண்ணெயில் அழுத்தமும் ஏறாது. ஆக, கம்ப்யூட்டர் சொன்னது பொய் இல்லை. அதை ரகுநாதன் சார் ஒரு விதமாக வாசித்தார், நான் வேறு விதமாக வாசித்தேன்.

மேனுவலில் உள்ள சோதனை எளிது. வெற்றிடத்தை அளக்கும் கேஜை மாட்டி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பத்து நிமிடம் பார்க்க வேண்டும். முதல் நாள் அதைச் செய்தேன். முள் நேராக நின்றது. வண்டியில் இதற்கென்றே ஒரு சென்சாரும் இருந்தது, அதிலும் குறை இல்லை. ஆனால் அந்த சென்சார் இருந்த இடம் பம்புக்குப் பக்கத்தில். ஹோஸின் மறுமுனையில், பூஸ்டர் இருக்கும் பக்கத்தில், என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த ஹோஸோ நெருப்பாகச் சுடும் டர்போவை ஒட்டி வளைந்து போகிறது. எழுபது வளைவு இறங்கும்போது, காற்றோட்டம் இல்லாத மெதுவான வேகத்தில், சித்திரை வெயிலில், அந்த இடம் எப்படிச் சுட்டிருக்கும்?

மறுநாள் என் கேஜைப் பூஸ்டர் பக்கத்தில் மாட்டினேன். பானெட் கோணிப்போய் மூடாமல் இருந்தது. தகரத்தையும் பழைய போர்வையையும் போட்டு அடைத்தேன். எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு மிதிப்பது போல மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. முள் இறங்கி உடனே ஏறிக்கொண்டது. நான்காவது முறை இறங்கிய முள் ஏறவில்லை. ஐந்தாவது முறை மிதித்தேன்.

கல்.

இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். அசையவில்லை. என் முதுகு சீட்டில் போய் அழுந்தியது. வொர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருந்த வண்டியிலேயே இப்படி. மலையில் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். ஒரு குறையும் காட்டவில்லை. இறங்கிப் போய் ஹோஸைத் தொட்டேன். ஒரு வளைவில் அது சப்பையாகிப் போயிருந்தது. எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டேன். ஹோஸ் பழையபடி உருண்டுகொண்டது. பெடல் நல்ல பிள்ளையாகிவிட்டது.

திரும்பவும் சூடாக்கினேன். திரும்பவும் அதேதான். மூன்றாம் முறை பெடல் கல்லானதும் எஞ்சினை அணைக்காமல் ரகுநாதன் சாரைப் போய்க் கூப்பிட்டேன். வந்தார். கேஜைக் காட்டினேன், பார்த்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டேன்.

"சார், ஒரு தடவை உக்காந்து மிதிச்சுப் பாருங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டைப் பார்த்தார். உட்காரவில்லை.

"ஒரே ஒரு தடவை சார். சூடு ஆறதுக்குள்ள."

"மேனுவல்ல எத்தனை நிமிஷம் ஓடவிடச் சொல்லியிருக்கு?"

"பத்து நிமிசம் சார்."

"அப்புறம் நீங்க ஏன் முக்கால் மணி நேரம் ஓடவிட்டீங்க?"

"மலையில பத்து நிமிசத்துல இறங்க முடியாது சார்."

அவர் குரல் இன்னும் இறங்கியது. "தங்கராசு, ஒரு வண்டின்னு நீங்க எழுதினா, வித்த எல்லா வண்டியும்னு அர்த்தம். அது உங்க வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல. மேனுவல்படி பார்த்தோம், குறை இல்ல. அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க." சொல்லிவிட்டு அவரே கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். அப்போதும் உட்காரவில்லை, நின்றபடியே அணைத்தார். உட்கார்ந்து மிதித்திருந்தால் அவருக்கும் தெரிந்துபோயிருக்கும். தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

அப்படிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஜாப் கார்டில் எழுதினேன், மூன்று சோதனையையும், நேரத்தோடு, முள் நின்ற இடத்தோடு. மறுநாள் அந்தக் கார்டு இல்லை. வேறொரு கார்டு, வேறொரு மெக்கானிக் பெயரில், "குறை ஏதும் இல்லை" என்று இருந்தது. என்னை டயர் செக்‌ஷனுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆனால் ரகுநாதன் சார் ஒரு காரியம் செய்தார். அந்த ஹோஸைக் கழற்றிப் புதிது போடச் சொன்னார். அவருக்கும் உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். வாரன்டியில் போட்டிருந்தால் பழைய ஹோஸ் கம்பெனிக்குத் திரும்பிப் போயிருக்கும், ஒரு கிடங்கில் மறைந்திருக்கும். வாரன்டி என்றால் குறையை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே? அதனால் விபத்துப் பழுதோடு சேர்த்துப் பில்லில் போடச் சொல்லிவிட்டார். பில்லில் போட்ட சாமானின் பழையது வாடிக்கையாளருக்குச் சொந்தம். கம்பெனியின் விதி அது, ரிசப்ஷன் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

கோமதி அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்.

"அம்மா, வண்டி எடுக்கும்போது பழைய சாமான் ஒண்ணு விடாம வேணும்னு எழுதிக் குடுத்து வாங்கிக்கங்க."

"பழைய சாமானா? என்னாத்துக்குங்க?"

"அதுல ஒரு ரப்பர் ஹோஸ் இருக்குமுங்க. அதை மட்டும் பத்திரமா வையுங்க."

"ரப்பர் ஹோஸ்" என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு, "அப்ப நான் சரியாத்தான் மிதிச்சேனா சாமி?" என்று கேட்டார்.

"சரியாத்தான் மிதிச்சீங்க."

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கோமதி அம்மாவின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். சம்மன் வந்த அன்று ரகுநாதன் சார் என்னை அறைக்கு அழைத்து, "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமே" என்றார். "உடம்பு நல்லாத்தான் இருக்குது சார்" என்றேன். வீட்டில் மனைவி மட்டும், "வேல போயிருச்சுன்னா?" என்று கேட்டாள். "நாமக்கல்ல லாரிங்க இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போட வெள்ளைச் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டு வைத்தாள்.

கோர்ட்டுக்கு அந்தப் பழைய ஹோஸோடு கையால் அழுத்தி வெற்றிடம் உண்டாக்கும் ஒரு வேக்குவம் பம்பும் கேஜும் கொண்டு போனேன். எதிரே இருந்த டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கிப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டேன். நீதிபதியிடம் வக்கீல் அனுமதி கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையும் பிளாஸ்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சிந்தாமல் செய்யுங்கள்" என்றார்.

ஹோஸின் ஒரு முனையில் பம்பு, மறுமுனையில் கேஜ். ஆறிய ஹோஸில் பம்பை அழுத்தினேன், மறுமுனையில் முள் ஏறியது. பிறகு பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி ஹோஸை அமுக்கி வைத்தேன். சில நிமிடம் கழித்து அழுத்தினேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரே ஹோஸ் சப்பையானது. மறுமுனையில் முள் அசையவில்லை.

அரசு வக்கீல் எழுந்தார். "ரப்பரை வெந்நீரில் போட்டால் எதுதான் சப்பையாகாது?"

நியாயமான கேள்வி. அதற்காகவே கோமதி அம்மா எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலேயே அதே அளவு ஹோஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை உறை பிரித்து அதே வெந்நீரில் வைத்தேன். சப்பையாகவில்லை, முள்ளும் ஏறியது. பிறகு பழையதை நீளவாக்கில் அறுத்துக் காட்டினேன். உள் உறை தனியாக உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது.

"கம்பெனி அறிக்கையில் உங்கள் பெயர் இல்லையே?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"இல்லீங்க. அதுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னதால எம் பேரு இல்லீங்க."

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கோமதி அம்மா மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அன்று கோர்ட்டு வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையில்தான் நின்றேன்.

அப்போது வேப்பமரத்தடியில் இருந்து பெரியசாமி ஊன்றுகோலோடு நடந்து வந்தார். பழக்கடைக்காரர். அதுவரை அவரை நான் சாட்சிக் கூண்டில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவர் என்னைத்தான் கேட்டார்.

"ஏனுங்க, வெந்நித் தண்ணி வெச்சுக் காட்டுனீங்களே. எல்லாம் பாத்தனுங்க. இந்தம்மா மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. செரி. அப்ப என் காலு யாரு ஒடச்சதுங்க?"

கோமதி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வக்கீல், "அது தனி கேஸுப்பா" என்றார்.

"தனியோ, சேத்தியோ. ஆளு யாருன்னு கேக்கறேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாளும் பெடலையும் ஹோஸையும் நினைத்திருக்கிறேன். அந்த அம்மாவை நினைத்திருக்கிறேன். இந்த மனிதரின் காலை நினைத்ததே இல்லை.

"எங்க கம்பெனிங்க" என்றேன். "நாங்க வித்த வண்டியில இருந்த குறைதானுங்க உங்க கால ஒடச்சுது."

"வாயில சொல்றீங்க. எழுதித் தருவீங்களா?"

வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் வக்கீல் குமாஸ்தாவிடம் ஒரு தாள் வாங்கி, மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, நான் செய்த மூன்று சோதனையையும் எழுதினேன். கீழே பெயர், வேலை, எம்ப்ளாயி நம்பர், கையெழுத்து. பெரியசாமி அதை இரண்டு முறை மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தத் தாளை வைத்து அவர் கம்பெனி மீது வழக்குப் போட்டார். அதற்கான செலவைக் கோமதி அம்மா ஏற்றுக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது: "இணைப்பிலுள்ள தாளில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா? விளக்கம் தரவும்." இணைப்பின் மேலேயே "ஆம், என்னுடையதே" என்று எழுதி, இன்னொரு கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேலையை விட்டு எடுத்தால் அதுவே இன்னொரு வழக்காகும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. டயர் செக்‌ஷனிலேயே வைத்திருந்தார்கள். பிரமோஷன் பட்டியலில் என் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை. டயர் வேலையையும் நான் சுத்தமாகத்தான் செய்தேன்.

இரண்டு வருடத்தில் சின்னவன் புது முகத்தோடு வந்தான். பின்பக்கம் விளக்கு ஒரு நீளக்கோடு, நடுவில் பெரிய திரை, பாதிப் பட்டன்கள் காணோம், முன்சக்கர பிரேக் தட்டு இன்னும் பெரிசு. அதற்கான பயிற்சிக்குச் சென்னையில் தென்மாநில டெக்னீசியன்களை எல்லாம் கூப்பிட்டார்கள். அனுபவம் உள்ள ஆள் குறைவென்று என்னையும் அனுப்ப வேண்டியதாயிற்று. மேனேஜர்கள் முன்வரிசையில், நாங்கள் பின்னால்.

மதியத்துக்கு மேல் ஒரு ஸ்லைடு வந்தது. வேக்குவம் ஹோஸ்: புதிய நம்பர், துணி சுற்றிய தடித்த சுவர், டர்போவை விட்டு விலகிய பாதை. சென்சார்: பூஸ்டர் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பயிற்சியாளர் அதைப் பத்து நொடியில் தாண்டப் போனார். நான் கையைத் தூக்கினேன்.

"ஏன் சார் மாத்துனாங்க?"

"தொடர்ந்த முன்னேற்றம்தான் சார். கஸ்டமரின் ஓட்டும் அனுபவத்தை மேம்படுத்த."

எழுந்து நின்றேன். "அந்தக் கஸ்டமர் பேரு கோமதிங்க. கஸ்டமரே இல்லாத இன்னொருத்தரு பேரு பெரியசாமி. கொல்லிமலை அடிவாரத்துல பழக்கடை வெச்சிருந்தாரு. இப்ப ஊன்றுகோலோட நடக்கறாரு." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பெடல், கேஜ், முக்கால் மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் ரகுநாதன் சாரின் பின்கழுத்து சிவந்து போனது தெரிந்தது. பயிற்சியாளர் லேப்டாப்பைப் பார்த்தபடி, "இதை நாம் தனியாகப் பேசலாம்" என்றார்.

அப்போது எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு டெக்னீசியன் எழுந்தார். "ஊட்டி வண்டி ஒண்ணு எங்களுக்கும் வந்துச்சுங்க. பெடல் எறங்கலைன்னாங்க. குறை இல்லைன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டேன்." அவர் உட்காருவதற்குள் மதுரைக்காரர் ஒருவர் எழுந்தார். "கொடைக்கானல்ல இருந்து வந்த வண்டிண்ணே. நானும் போட்டேன்."

இத்தனை வருடமும் நான் ஒரே ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கேன்டீன் மேசையில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒரு கடிதம் எழுதினோம். மூன்று ஊர், மூன்று வண்டி, மூன்று கையெழுத்து. வெளிநாட்டில் இருக்கும் தலைமைக்கும் போகட்டும் என்று எங்களுக்குத் தெரிந்த எல்லா முகவரிக்கும் அனுப்பினோம். பதில் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து சர்வீஸ் சென்டருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய சின்னவன் எல்லாவற்றையும் வரவழைத்து அந்த ஹோஸை இலவசமாக மாற்றித் தர வேண்டும். பெரியசாமியின் வழக்கையும் அதன் பிறகு கம்பெனி இழுத்தடிக்கவில்லை. அவர் அதே அடிவாரத்தில் இப்போது கல் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறார்.

சேலத்துக்கு வந்த அந்த வண்டிகளுக்கெல்லாம் ஹோஸ் மாற்ற என்னை டயர் செக்‌ஷனில் இருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் அந்த இடத்தில் கை பழகியிருக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கார்டு. காரணம் என்ற கட்டத்தில் கம்பெனியே அச்சடித்து அனுப்பியிருந்தது: உற்பத்திக் குறை. அதற்குக் கீழே மெக்கானிக் கையெழுத்துக்கு இடமே இல்லை. வொர்க்‌ஷாப் மேனேஜர்தான் போட வேண்டும் என்பது உத்தரவு.

முதல் வண்டியை முடித்துக் கார்டை எடுத்துக்கொண்டு ரகுநாதன் சார் அறைக்குப் போனேன். அவர் வாசித்தார். வழக்கம்போலக் கார்டை என் பக்கம் நகர்த்தப் போனவர், கையை நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையைத் தடவினார். மேசை டிராயரைத் திறந்து பார்த்தார்.

என் பேனாவை மூடி கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, போடும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.